வீட்டுப் பெரட்டு

பூண்டுலோயாவுக்கு மேலே, கொய்யாக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், கடைசி லயத்து வரிசை வீட்டின் கடைசி இரண்டு காம்பரா அறைகளில் மனோரஞ்சிதம் குடியிருந்தாள். புருஷன் தரணிதரனுக்குக் கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலை. பிள்ளைகள் ஏழு பேர். ஏழு என்று சொன்னதும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் கூச்சப்படுவதை அவள் விட்டுப் பல வருஷமாகிறது. மூத்தவள் நிலக்ஷிக்குப் பதினாறு நடக்கிறது. அவளுக்கு அடுத்து திலக்ஷன், தனுஜன், ரஜிதா. அதற்குப் பிறகு புருஷனும் பெண்சாதியுமாகச் சபைக்குப் போக ஆரம்பித்து ஞானஸ்நானமும் எடுத்துவிட்டதால், கடைசி மூன்று பேருக்கும் வேதத்தில் இருந்து பெயர் வைத்தார்கள். தபித்தாள், யோவேல், கைக்குழந்தை ரூத்.

ஏழு பிள்ளைகளோடு ஒரு வீட்டை எப்படி நடத்துகிறாய் என்று சபைப் பெண்கள் கேட்பார்கள். மனோரஞ்சிதம் சிரித்துக்கொண்டே பெரட்டு வைக்கிறேன் என்பாள். அது வேடிக்கைப் பேச்சு இல்லை. நிஜமாகவே வைத்தாள்.

தோட்டத்தில் விடிந்தால் பெரட்டு. ஆட்கள் களத்தில் கூடி நிற்பார்கள். மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இந்த மலைக்குக் கொழுந்தெடுக்க, இன்னார் புல்லு வெட்ட என்று பிரித்து அனுப்புவார். பொழுது சாயும்போது கொழுந்தை நிறுத்துப் பார்த்து, சொன்ன கிலோ வந்திருந்தால் முழுப்பேர், வரவில்லை என்றால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரை நாள்தான் வேலை செய்ததாகக் கணக்கு. மனோரஞ்சிதம் பதின்மூன்றாம் வகுப்பான ஏ.எல். வரை படித்திருந்தும் வேறு வேலை கிடைக்காமல், கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் கொழுந்து எடுத்தவள். அப்பா தம்பையா கங்காணியாக இருந்தவர். அவளுக்குத் தெரிந்த நிர்வாகம் அதுதான். அதையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள்.

காலை ஐந்தே முக்காலுக்கு வேதம் வாசித்து ஜெபம் முடிந்ததும், முன்திண்ணையான இஸ்தோப்பில் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்க வேண்டும். கையில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியோடு அவள் பெயர் கூப்பிடுவாள். திலக்ஷன், தண்ணி. தனுஜன், விறகு. ரஜிதா, கோழிக்கூடும் முன்வாசலும். தபித்தாள், பாய் மடிக்க. நான்கு வயது யோவேலுக்குக்கூட ஒரு வேலை உண்டு. செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்க வேண்டும். பொழுது சாயும்போது வேலை, பாடம், வசனம் மூன்றையும் பார்ப்பாள். மூன்றும் சரியென்றால் முழுப்பேர். ஒன்று குறைந்தாலும் அரைப்பேர், அன்று இரவுப் பாத்திரமெல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில். யாரும் அடிவாங்கியதில்லை, திட்டுவாங்கியதும் குறைவு. ஆனால் அரைப்பேர் என்றால் அந்த வீட்டில் எல்லாருக்கும் பயம். தனுஜனுக்கு அரைப்பேர் விழுந்தால் அவன் அழுகை நாலு காம்பரா தள்ளிக் கேட்கும்.

பாடம் எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெய்த அடைமழையில் கடைவீதிக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்து, ஏழெட்டு மாதம் பஸ் ஓடவில்லை. காட்டு வழியாகப் பிள்ளைகளை அனுப்பப் பயம். சும்மா இருந்தால் மறந்துபோகும் என்று மனோரஞ்சிதம் பழைய பலகை ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டினாள். ரோடு சரியான பிறகும் அவளுக்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வீட்டில் கெட்ட வார்த்தை இல்லை, போன் பைத்தியம் இல்லை, காலையில் ஒரு வசனம், மாலையில் ஒரு பாட்டு, எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தும் கிராம சேவகரிடம் இருந்தும் ஆள் வந்து கேட்டார்கள். அவள் கொப்பிகளையெல்லாம் அடுக்கிக் காட்டினாள். எழுதிக்கொண்டு போனார்கள், அப்புறம் யாரும் வரவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பெரிய சோதனையாக வந்து நின்றது பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற நிலக்ஷியின் ஓ.எல். பரீட்சை. வருகிற மாசி மாதம் அவள் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் மூலமாக இல்லாமல் தனியாளாகவே விண்ணப்பம் போட்டு எழுத வைக்கலாம் என்பது மனோரஞ்சிதத்தின் எண்ணம். அந்தப் பிள்ளைக்கோ ஏ.எல். படிக்க வேண்டும் என்று ஆசை. கணக்கில் தவறினால் ஏ.எல். கனவு அங்கேயே நின்றுவிடும். அதைப் பற்றி மனோரஞ்சிதத்துக்குக் கவலையே இல்லை. சீ.ஆர். கொப்பியைப் புரட்டினால் நிலக்ஷியின் பெயருக்கு நேரே மூன்று வருஷமாக முழுப்பேர். காய்ச்சல் வந்த நாலு நாளைத் தவிர ஒரு நாள் அரைப்பேர் கிடையாது. சபைப் பெண்கள் கூட்டத்தில் அவள் இதைச் சொல்லியும் இருக்கிறாள், ஒரு தரம் இல்லை, மூன்று நாலு தரம். வீட்டிலேயே படித்து என் மூத்தவள் ஓ.எல். எழுதப் போகிறாள், நீங்களே பாருங்கள் என்று.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, சும்மா ஒரு தரம் பார்த்துக்கொள்வோமே என்று நிலக்ஷியைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். கணேசமூர்த்தி சார் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். சனிக்கிழமையில் வீட்டில் வகுப்பு வைப்பார். பழைய பரீட்சைத் தாள் ஒன்றைக் கொடுத்து நிலக்ஷியை மூலையில் உட்கார வைத்தார். மனோரஞ்சிதம் அதற்குள் மாவும் சீனியும் வாங்கி, ரூத்துக்குக் காது குத்துகிற இடத்தை விசாரித்து, மருந்துக்கடையிலும் ஏறி இறங்கி, மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். சார் தாளைத் திருத்தி வைத்திருந்தார். மேலே பத்தொன்பது என்று போட்டிருந்தது.

நூற்றுக்கா என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார்.

சார் கடுமையான மனுஷர் இல்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

"பிள்ள நல்ல பிள்ள. கூட்டல் கழித்தல், பின்னம், வீதம் எல்லாம் அச்சடிச்ச மாதிரி போடுறா. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. ஒன்பதாந்தரம், பத்தாந்தரம் எதையும் தொட்டதாவே தெரியல. வீட்டுல என்னாம்மா படிச்சா?"

"தெனமும் கணக்கு ஒரு பக்கம் போடுறா சார். நான் பாத்து டிக் போடுறேன்."

"அப்பிடின்னா பக்கத்தத்தான் பாத்திருக்கீங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவர் போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். இந்த நிலைமையில் தனியாள் என்று எழுதினால் தேறாது. இரண்டு வாரத்துக்குள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் தர வகுப்பில் சேர்த்தால் அதிபரிடம் அவரே பேசுவார். ஆவணியில் பரீட்சைக்கான பெயர்ப் பட்டியல் போகும். அதற்குள் தவணைப் பரீட்சையில் முப்பத்தைந்தைத் தொட்டால் பட்டியலில் போடலாம். இல்லையென்றால் ஒரு வருஷம் போகும்.

பஸ்ஸில் நிலக்ஷி மாவுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள். மனோரஞ்சிதத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று வருஷமாக முழுப்பேர் வாங்கின பிள்ளை, பேருக்குப் பக்கத்தை நிரப்பி ஏமாற்றியிருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு, பெண்கள் கூட்டத்தில் என்ன சொல்வது என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் பெரட்டு முடிந்து, வழக்கம் போல எட்டு மணிக்கு மாட்டுக்குப் புல்லு வெட்டப் புறப்பட்டாள். எட்டில் இருந்து பத்தரை வரை அவள் வீட்டில் இருப்பதில்லை. புல்லு வெட்டி, மரக்கறிப் பாத்தியில் களை எடுத்து, மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வருவாள். அந்த இரண்டரை மணி நேரம்தான் வீட்டுப் பள்ளிக்கூடம். வந்ததும் கொப்பிகளைப் பார்ப்பாள். அன்றைக்குப் புல்லுக்கட்டைப் பாதியில் விட்டுவிட்டு, பின்பக்கமாக வந்து குசினிக் கதவிடுக்கில் நின்றாள்.

ரூத் நிலக்ஷியின் இடுப்பில் இருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்தது. நிலக்ஷி ஒரு கையால் அகப்பையைப் பிடித்துக்கொண்டே ரஜிதாவுக்குச் சொல்வதெழுதச் சொல்லிக் கொண்டிருந்தாள். யோவேல் சிலேட்டில் 'அ'னாவை வலமிருந்து இடமாக எழுதினான். குனிந்து அவன் கையைப் பிடித்து மாற்றினாள். பிறகு பலகைக்குப் போய் எட்டாம் தரக் கணக்கு ஒன்றைப் போட்டு, அதையே தன் கொப்பியிலும் எழுதி, திலக்ஷன் பக்கம் தள்ளினாள். அவன் அதைப் பார்த்து அடுத்ததைப் போட்டான். இதுவரை எல்லாம் சரிதான், மனோரஞ்சிதம் மனசில் நினைத்து நினைத்துப் பெருமைப்படுகிற காட்சிதான்.

தனுஜன் கணக்கில் சிக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். மணி பத்தைத் தாண்டிவிட்டது. நிலக்ஷி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவன் பென்சிலை வாங்கி, அவன் எழுத்தைப் போலவே சாய்த்துச் சாய்த்து, மிச்சம் இருந்த ஐந்து வகுத்தல் கணக்கையும் மடமடவென்று போட்டுக் கொடுத்தாள். தனுஜன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொப்பியை மூடினான்.

மனோரஞ்சிதத்துக்கு மீனம்மாவின் ஞாபகம் வந்தது. கொழுந்தெடுத்த காலத்தில் பக்கத்து நிரையில் எடுத்தவள் மீனம்மா. மனோரஞ்சிதத்துக்கு உடம்பு முடியாத நாளில், நிறுவைக்கு முன்னால் தன் கூடையில் இருந்து இரண்டு கை, மூன்று கை என்று அள்ளி அவள் கூடையில் போடுவாள். மனோரஞ்சிதத்துக்கு முழுப்பேர் விழும். மீனம்மாவுக்குச் சில நாள் அரைப்பேர் விழுந்ததும் உண்டு. நிறுக்கிற தட்டுக்குக் கொழுந்தின் பாரம்தான் தெரியும். எந்தக் கை கிள்ளியது என்று தெரியாது. அன்றைக்கு அது தோழமை. ஒருவருக்கொருவர் செய்துகொள்வதுதான். ஆனால் இங்கே ஒரே ஆள் எல்லாக் கூடைக்கும் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கூடைக்கு அள்ளிப் போட யாரும் இல்லை.

கதவைத் திறந்து உள்ளே போனாள். பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். அவள் யாரையும் ஒன்றும் கேட்காமல் நிலக்ஷியின் கணக்குக் கொப்பிகளை எடுத்து மேசையில் போட்டாள். மூன்று வருஷக் கொப்பிகள், எல்லாப் பக்கத்திலும் அவளுடைய சிவப்பு டிக். இந்தத் தரம் டிக்கைப் பார்க்காமல் கணக்கைப் பார்த்தாள். முதல் வருஷம் ஆறாம் தரக் கணக்கு. அடுத்த வருஷம் ஏழு. இப்போது எட்டு. திலக்ஷன் ஏற ஏற, அவனுக்குப் போட்டுக் காட்டியது அப்படியே இவள் கொப்பியில் ஏறியிருந்தது. நிலக்ஷி பள்ளிக்கூடத்தை விட்டதே எட்டாம் தரத்தில்தான். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறாள்.

சின்னவர்களைக் கோழிக்கூட்டுப் பக்கம் போகச் சொன்னாள். ரூத்தைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒன்னோட பாடத்த எப்பப் படிச்ச?" என்று கேட்டாள்.

நிலக்ஷி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள், முறைப்பாடு சொல்கிற குரலே இல்லை.

"பெரட்டுல எனக்குப் பாடம்னு நீங்க ஒரு நாளும் பேரு கூப்பிடலியே அம்மா. 'நிலக்ஷி, சமையலும் சின்னதுகளுக்குப் பாடமும்'னுதான் கூப்பிடுவீங்க. அதச் செஞ்சேன்."

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"மத்தியானம் படிக்கலாம்னு நெனைப்பேன். ரூத்து எந்திரிச்சிரும். அப்புறம் துணி. தனுஜனுக்கு அரைப்பேரு விழுந்தா ராத்திரி பூரா அழுவான், என்னாலயும் தூங்க முடியாது. எனக்கு முழுப்பேரு விழுதேன்னு நானும் படிக்கிறதாவே நெனைச்சிக்கிட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் மனோரஞ்சிதத்தைப் பிடித்து உலுக்கியது. பிள்ளை ஏமாற்றவில்லை. கொப்பியை நம்பியிருக்கிறாள், தாயைப் போலவே.

தரணிதரன் ஸ்டோரில் இருந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதிகம் பேசாத மனுஷன். கேட்டு முடித்துவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளைத் தட்டினான்.

"நீ வீட்ட தோட்டத்துத் தொர மாதிரி நடத்துற. தொரைக்குக் கொழுந்து வந்துச்சா இல்லியான்னுதான் தெரியும்" என்றான்.

"நீங்க மட்டும் என்னா, மூணு வருசமா எங்க இருந்தீங்க?"

"நான் ஸ்டோருல இருந்தேன். ஒம் பெரட்டுல எம் பேரயும் ஒரு நாளும் கூப்பிடலியே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. நிலக்ஷி பள்ளிக்கூடம் போனால் வீடு எப்படி நடக்கும் என்பதுதான் இருவருக்கும் முன்னால் நின்ற கேள்வி. மாட்டை விற்றுவிடலாமா என்று அவன் கேட்டான். ஏழு பிள்ளைகளுக்குப் பால் எங்கே போவது என்று அவள் கேட்டாள். புதன்கிழமை ஜெபத்துக்குப் போனபோது பாஸ்டரம்மா ராசம்மாவிடமும் சொன்னாள். பெண்கள் கூட்டத்தில் அவ்வளவு பேசியாகிவிட்டதே, இப்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் வீட்டில் வைத்து வளர்த்ததெல்லாம் தோற்றுப்போனதாக ஆகாதா என்று கேட்டாள். ராசம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டிருந்தார். அவர் ஆறுதல் சொல்வார் என்று மனோரஞ்சிதம் எதிர்பார்த்தாள்.

"ஆண்டவரு ஒனக்கு ஏழு பிள்ளையக் குடுத்தாரு. நீ அதுல ஒண்ண எடுத்து மத்த ஆறுக்கும் அம்மாவா வச்சிட்ட" என்றார் ராசம்மா. "கூட்டத்துல என்னா சொல்றதுன்னு அப்புறம் யோசி. மொதல்ல அவகிட்ட என்னா சொல்லப் போற?"

மறுநாள் காலை ஜெபம் முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மனோரஞ்சிதம் கொப்பியைத் திறக்கவில்லை. தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது அந்த லயத்தில் யாரும் பார்த்த விஷயம் இல்லை, அவளும் பார்த்ததில்லை. ஆனால் தப்புச் செய்தால் ஒப்புக்கொள் என்று தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான்.

"நிலக்ஷி, அம்மா ஒன்னய வேலைக்கு மட்டும் பேரு கூப்பிட்டுட்டேன். அது என் தப்பு. என்னய மன்னிச்சிரு" என்றாள்.

நிலக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள். யோவேல் அம்மா எதையோ உடைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, என்ன உடைந்தது என்று திலக்ஷனிடம் மெதுவாகக் கேட்டான். பிறகு மனோரஞ்சிதம் புதுசாகப் பெயர் கூப்பிட்டாள். புல்லு வெட்டுவது இனி பின்னேரத்தில், அப்பாவும் திலக்ஷனும். சமையல் அம்மா. ரூத் அம்மா. பாடம் சொல்லிக் கொடுப்பது அம்மா. நிலக்ஷிக்குத் திங்கட்கிழமையில் இருந்து பள்ளிக்கூடம். வீட்டுக்கு வந்தால் தன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதோடு சரி.

சொல்வது சுலபம். முதல் வாரத்தில் ரொட்டி இரண்டு நாள் கருகியது. தனுஜனுக்கு வகுத்தலே தெரியாது என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. ஒன்றரை வருஷமாக அவனுக்குப் பதிலாக அக்காதான் வகுத்திருக்கிறாள். அவனை மூன்றாம் தரப் புத்தகத்தில் இருந்து திரும்ப ஆரம்பிக்க வைத்தாள். அவன் அழுதான். ரஜிதா பரவாயில்லை. திலக்ஷன் நன்றாகவே படித்திருந்தான், அதற்கும் காரணம் அக்காதான். வசனத்திலும் பாட்டிலும் யாரும் குறைவில்லை. மனோரஞ்சிதம் பத்து மணிக்குள் களைத்துப்போவாள். இதையெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பெண் எப்படிச் செய்தாள் என்று நினைத்துக்கொள்வாள். அரைப்பேர் போடுவதை விட்டுவிட்டாள். எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று மட்டும் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். அந்த வகையில் கொப்பி முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பியது.

நிலக்ஷிக்கும் அங்கே சுகமில்லை. வகுப்பில் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். முதல் மாதம் முழுவதும் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் அவளுக்கு 'டீச்சரம்மா' என்று பட்டம் வைத்தார்கள். யாராவது பிழையாகச் சொன்னால் அவள் தன்னை அறியாமல் திருத்திவிடுவாளாம். கணேசமூர்த்தி சார் சனிக்கிழமை வகுப்பில் அவளைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் பின்காம்பராவை அவளுக்கென்று ஒதுக்கி, நாலு மணியில் இருந்து ஏழு மணி வரை கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள். கதவில் முட்டுகிற சின்னதுகளை மனோரஞ்சிதம் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிடித்து வைத்தாள். சில நாள் நிலக்ஷியே கதவைத் திறந்து, ரூத் ஏன் அழுகிறாள் என்று கேட்பாள். உனக்கென்ன, உள்ளே போ என்று தாய் சொல்வாள்.

ஆடியில் தவணைப் பரீட்சை முடிந்தது. பெயர்ப் பட்டியல் போடுகிற நாளில் பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மனோரஞ்சிதம் ரூத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் முப்பத்தைந்து, முப்பத்தைந்து என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. திருத்திய தாள்களை அதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை, எத்தனை என்று நிலக்ஷிக்கே தெரியாது.

ஆசிரியர் அறையில் சார் தாளை எடுத்து வைத்தார். கணக்கில் முப்பத்தெட்டு.

மனோரஞ்சிதம் தாளை எடுத்து, முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு கணக்காகப் பார்த்தாள். பிழையாகப் போனவற்றைத்தான் கூடுதலாகப் பார்த்தாள். முக்கோணமும் வட்டமும் வருகிற கேத்திர கணிதக் கணக்கு இரண்டும் பிழையாகியிருந்தன. சார் அவசரப்படுத்தவில்லை.

"எல்லை தாண்டிட்டா, ஆனா ஓரத்துலதான் நிக்கிறா" என்றார். "மாசிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. பட்டியல்ல போடுறேன்."

நிலக்ஷியைக் கூப்பிட்டு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார். அவள் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினாள். தமிழ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று வரிசையாக எழுதி, சமயம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். சார் எட்டிப் பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் சைவம் எழுதுகிறவர்கள். கிறிஸ்தவ பாடத்துக்கு அங்கே ஆசிரியரே இல்லை. இரண்டு மாதமாக அந்தப் பாடவேளையில் நிலக்ஷி நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை அவர் வருத்தத்தோடு சொன்னார். கிறிஸ்தவம் என்று எழுதினால் இவள் ஒருத்திதான், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அதில் தவறினாலும் மொத்தப் பெறுபேறு கெட்டுவிடும், யோசித்து எழுதுங்கள் என்றார்.

மனோரஞ்சிதம் வாயைத் திறக்கப் போனாள். சொல்ல நிறைய இருந்தது. ஆனால் இது பிள்ளையின் பரீட்சை. ரூத்தின் சட்டையைச் சரிசெய்தாள்.

நிலக்ஷி கிறிஸ்தவம் என்று எழுதினாள்.

"ஆள் இருக்காங்க சார். எங்கம்மா" என்றாள்.

சார் மனோரஞ்சிதத்தைப் பார்த்தார். அவள் உடனே சரி என்று தலையாட்டவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் ஆட்டியிருப்பாள். பதினோராம் தரத்துக்கு அந்தப் பாடத்தில் என்னென்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது, வீட்டில் சொல்லிக் கொடுத்தது வேறு, பரீட்சைக்குக் கேட்பது வேறாக இருக்கலாம், புத்தகமும் பழைய தாள்களும் இருந்தால் முதலில் தான் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். சார் பியூனை அனுப்பினார். சாமான் அறையில் இருந்து ஒரு புத்தகம் வந்தது. யாரும் பிரிக்காத புத்தகம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

மனோரஞ்சிதம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் என்பதால் நிலக்ஷியும் கூடவே வந்தாள். ரூத்தைத் தூக்கக் கை நீட்டினாள். தாய் கொடுக்கவில்லை, குழந்தையை இடது மடியில் படுக்க வைத்துக்கொண்டு, வலது கையால் புத்தகத்தைப் பிரித்தாள். முதல் அதிகாரத்தில் நாலு பக்கம் வாசித்தாள். அதில் ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை.

"இது என்னான்னு தெரியுமா ஒனக்கு?" என்று மகளிடம் நீட்டினாள்.

நிலக்ஷி வாசித்துப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றாள்.

"எனக்கும் தெரியல" என்றாள் மனோரஞ்சிதம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் கேட்பது என்று முடிவு செய்து, மறந்துபோகாமல் இருக்க அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தாள். மேல்கணக்கு வளைவில் பஸ் நின்றபோது இன்னும் இரண்டு பக்கம் வாசித்திருந்தாள்.